தனியாய்ப் போன பாதை, கூட்டாய் எடுத்த தீர்மானம்

(புதுச்சேரி நகரில் கூடிய நமது கூட்டமைப்பின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வரவு செலவு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அனுபவம் ஏதாவது சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லப் போகிறோம். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரைக்கும் ஸ்கூட்டியில், தனியாக. போக ஒரு நாள், வர ஒரு நாள். அவ்வளவுதான் பயணம். ஆனால் அந்த ரெண்டு நாளில் யோசித்தது, வந்த பிறகு யோசித்தது, அதற்குப் பிறகு எங்கள் குழுவில் நடந்தது, இதெல்லாம் உங்களுக்கும் உதவும் என்று நம்புகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நம்மைப் பற்றிச் சொல்லும்போதும் வாயில் 'நாம்' என்றுதான் வருது. இருபது வருஷம் குழுவிலே பழகிய வாய். தீர்மான நோட்டில் 'நான் முடிவு செய்தேன்' என்று எழுத முடியுமா? 'ஒருமனதாக முடிவு செய்தோம்' என்றுதானே எழுதுகிறோம். அந்தப் பழக்கம். அதனால் தனியாகப் போனதையும் 'போனோம்' என்று சொன்னால் சிரிக்காதீங்க. கூட யாரும் வரல.

வாசலில் உட்கார்ந்த காலை

2019-ம் வருஷம் எங்கள் குழுவில் ஒரு சகோதரி இருந்தாங்க. பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவங்களிடம் கேட்டு, அவங்க சரி என்ற பிறகுதான் இதைச் சொல்கிறோம். கறவை மாடு வாங்க உள்கடன் எடுத்தாங்க. ஐந்து தவணை ஒழுங்காக வந்தது. ஆறாவது வரல. ஏழாவதும் வரல. கூட்டத்துக்கும் வரல. ஆள் அனுப்பினால் 'அடுத்த வாரம்' என்று பதில் வந்தது.

அப்போது வங்கியில் அடுத்த கடனுக்கு மனு கொடுத்திருந்தோம். ஒருத்தர் தவறினால் எல்லாருக்கும் தடை. கோபம் வராமல் இருக்குமா? கூட்டத்தில் பேச்சு நீண்டது. கடைசியில், விடியற்காலையில் பன்னிரண்டு பேரும் அவங்க வீட்டு வாசலில் போய் உட்காருவது என்று முடிவானது. இது பல ஊர்களில் நடந்ததுதான், உங்களில் சில பேருக்கும் தெரியும். போனோம், உட்கார்ந்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது. அவங்க வெளியில் வந்து நின்னாங்க. 'பத்து நாள் டைம் கொடுங்க' என்று மட்டும் சொன்னாங்க.

எட்டாவது நாளே முழுப் பணமும் வந்துவிட்டது. காதில் கிடந்த தோடு அதற்குப் பிறகு காதில் இல்லை. அடுத்த மாதம் குழுவிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தாங்க. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு காரைக்கால் பக்கம் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டாங்க.

எங்கள் நோட்டில் அது வெற்றி. 'நிலுவை வசூலானது' என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வங்கிக் கடனும் கிடைத்தது. ஆனால் சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த முகம் ஞாபகம் வரும். உடனே ஏதாவது வேலை வரும், மறந்து போகும். பிறகு கொரோனா வந்தது. மூணு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு.

ஏன் தனியாக?

2022-ம் வருஷம் மாசி மாதம், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. வீட்டில் சொன்னோம். 'காரைக்காலுக்கா? பஸ்ஸுல போயேன்' என்றார் வீட்டுக்காரர். 'நானும் கூட வரேன்மா' என்றான் மகன். 'பொம்பள தனியா அவ்வளவு தூரம் வண்டியிலயா?' என்றாங்க மாமியார். எல்லாம் அக்கறையில் வந்த பேச்சுதான். ஆனால் யார் கூட வந்தாலும் அவங்களுக்குப் பசிக்குதா, தலை வலிக்குதா, கழிப்பறை எங்கே இருக்கு என்று பார்க்க ஆரம்பித்துவிடுவோம். நம்ம பயணம் அவங்க பயணமாகிவிடும். பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டில் யாராவது பேச்சுக் கொடுப்பாங்க. நமக்கும் பேசாமல் இருக்கத் தெரியாது.

சகோதரிகளே, மத்திய அரசு நேரப் பயன்பாடு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024-ம் வருஷக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவழிப்பது சராசரி 289 நிமிடம். அதே வேலை செய்கிற ஆண்களுக்கு 88 நிமிடம். 2019-ல் நமக்கு 299 நிமிடமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது! பிள்ளைகளையும் வயசானவங்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேரவில்லை, அதற்குத் தனிக் கணக்கு. குழு வேலை, கூலி வேலை, மாடு, ஆடு இதெல்லாம் போக, உட்கார்ந்து யோசிக்க ஒரு பெண்ணுக்கு எங்கே நேரம்? நமக்கு யோசனை வருவதெல்லாம் கோலம் போடும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும்தான். அதற்குள்ளே யாராவது கூப்பிட்டுவிடுவாங்க.

அதனால் பிடிவாதமாகத் தனியாகத்தான் போவோம் என்று சொன்னோம். நாற்பது வயசுக்கு மேலே லைசென்ஸ் எடுத்த ஆள் நாம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினாங்களே, அந்தக் காலத்தில்தான் நாமும் அண்ணனுடைய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டோம். அன்றைக்குக் கற்றது இன்றைக்கு உதவியது.

பாலங்கள் கடந்து

காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். நம்ம ஊரில் பெட்ரோல் விலை குறைவு என்பதால் முதல் வேலையாக டேங்க் நிரப்பிக்கொண்டோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டி, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை. அதோடு நம்ம எல்லை முடிந்து தமிழ்நாடு ஆரம்பம். காரைக்கால் போனால் மறுபடியும் புதுச்சேரி அரசுதான். பிஒய் 01 வண்டி, பிஒய் 02 ஊருக்குப் போகிறது. வீடு ஒன்று, நடுவில் பக்கத்து வீட்டுத் தோட்டம் மாதிரி.

முதல் இருபது கிலோமீட்டர் மனசு வீட்டை விட்டு வரவே இல்லை. கேஸ் மூடினோமா? மாமியாருக்கு மாத்திரை எடுத்து வெச்சோமா? கரண்ட் பில் கடைசி நாள் எப்போ? கடலூர் தென்பெண்ணைப் பாலத்தில் சூரியன் வந்தது. பிறகு கெடிலம். அதற்குப் பிறகு சிதம்பரத்துக்கு முன்னால் வெள்ளாறு. ஒவ்வொரு பாலம் தாண்டும்போதும் வீட்டு நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது.

சிதம்பரம் தாண்டினதும் ஒரு அமைதி வந்தது பாருங்க, அதைச் சொல்லத் தெரியல. கைக்கு வேலை இருக்கு, கண்ணுக்கு வேலை இருக்கு. வாய்க்கு மட்டும் வேலை இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளே காற்றுச் சத்தம். நம்மைக் கூப்பிட யாரும் இல்லை. களை எடுக்கும்போது கை பாட்டுக்குப் போகும், மனசு பாட்டுக்குப் போகும் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் இது மணிக்கணக்கில் நீடித்தது.

அப்போதுதான் அந்த வாசல் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை அதைத் தள்ளிவிட வேலை எதுவும் கையில் இல்லை. கொள்ளிடம் பாலம் நீளமான பாலம். அதில் போகும்போது ஒரு கேள்வி வந்தது. வாசலில் போய் உட்காரலாம் என்று முதலில் சொன்னது யார்?

நோட்டில் 'ஒருமனதாக முடிவு செய்தோம்' என்று இருக்கு. பன்னிரண்டு கையெழுத்து இருக்கு. ஆனால் அந்த யோசனையை முதலில் சொன்ன வாய் இந்த வாய்தான்.

பாலம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். டீ ஆறிப்போகிற வரைக்கும் கையில் வைத்திருந்தோம். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஒரு கூட்டத்தில், நாம் பயிற்சிக்குப் போன போக்குவரத்துச் செலவு 150 ரூபாய்க்கு ரசீது எங்கே என்று அவங்க எல்லார் முன்னாலும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ரசீதும் கொடுத்தோம். ஆனால் கேட்ட விதம் உள்ளே சுட்டுக்கொண்டே இருந்தது. அவங்க தவணை தவறியதும் நம்ம சொந்தக் கோபத்தை எடுத்துக் குழுக் கோபமாக ஆக்கிவிட்டோம். 'நாம்' என்ற வார்த்தைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம்.

இதை மூணு வருஷமாக யாரும் சொல்லல. யாருக்கும் தெரியாது. நமக்கே தெரியாமல் வைத்திருந்தோம். தொண்ணூறு கிலோமீட்டர் வாய் மூடிப் போன பிறகுதான் தெரிந்தது.

பூம்புகார் கைகாட்டி

சீர்காழி தாண்டிப் போகும்போது பூம்புகாருக்குத் திரும்புகிற கைகாட்டி வரும். கண்ணகி பிறந்த ஊர். புருஷனோடு நடந்தே மதுரைக்குப் போனவள். அங்கே அவனை இழந்து, ஊரையே எரித்த பிறகு, வைகைக் கரையோடு மேற்கே தனியாகப் பதினாலு நாள் நடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லுது. கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தவள், மேற்கு வாசலில் தனியாக வெளியே போனாள். நாம் கண்ணகி என்றால் சிலம்பை உடைத்ததைத்தான் பேசுகிறோம். அந்தப் பதினாலு நாளைப் பற்றி யாரும் பட்டிமன்றம் போடுவதில்லை.

அங்கிருந்து ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி வழியாக நண்டலாறு தாண்டினால் காரைக்கால். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நேராக அவங்க வீட்டுக்குப் போக தைரியம் வரல. அம்மையார் கோயிலில் போய் உட்கார்ந்தோம்.

மாம்பழக் கணக்கு

நம்மில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் இருக்கிறோம். இதை ஒரு சாமி கதையாகக் கேட்க வேண்டாம், காரைக்காலில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையாகக் கேளுங்க. பெரியபுராணம் சொல்கிற கதை. புனிதவதி என்று பேர். கணவர் பரமதத்தன் வியாபாரி. ஒருநாள் ரெண்டு மாம்பழம் வீட்டுக்கு அனுப்பினார். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிட்டார். மதியம் கணவருக்கு மீதி ஒன்றைப் பரிமாறினார். நல்லா இருக்கு, இன்னொன்றும் கொண்டு வா என்றார் அவர். என்ன செய்வார்? உள்ளே போய் வேண்டிக்கொண்டதும் கையில் ஒரு பழம் வந்தது. அதைச் சாப்பிட்ட கணவர், இது வேற ருசியா இருக்கே, ஏது என்று கேட்டார். புனிதவதி உண்மையைச் சொன்னார். கணவருக்கு அது பயமாகிவிட்டது. கப்பலேறிப் போனவர் திரும்பி வரவே இல்லை. பாண்டிய நாட்டில் வேறொரு கல்யாணம் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் புனிதவதி தன் அழகை வேண்டாம் என்று கேட்டு, பேய் உருவம் வாங்கிக்கொண்டு, கயிலாயத்துக்குத் தனியாகப் போனார். காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனதாகக் கதை. அந்தப் பெண்ணைத்தான் சிவன் 'அம்மையே' என்று கூப்பிட்டதாகச் சொல்றாங்க. அறுபத்து மூன்று நாயன்மார்களில் மூன்று பேர்தான் பெண்கள். கோயில்களில் மற்ற நாயன்மார்கள் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கும் காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுறாங்க, கீழே ஜனங்கள் பிடிக்கிறாங்க.

அங்கே உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதை வேறு மாதிரி பட்டது. ரெண்டு பழம் வந்தது, ஒன்று எங்கே என்பது கணக்கு. ஏன் கொடுத்தாய் என்பது வேறு கேள்வி. நாங்களும் தவணை எங்கே என்றுதான் கேட்டோம். என்னம்மா ஆச்சு என்று கேட்கல.

குடிக்காத காபி

அவங்க வீட்டுக்குப் போனதும், 'வாங்கக்கா' என்றாங்க. நேற்றுப் பார்த்த மாதிரி. பேரப்பிள்ளை மடியில் இருந்தது. சோறு வடித்து மீன் குழம்பு வைத்தாங்க. பேச்செல்லாம் பொதுவாகத்தான் போனது. சாயந்திரம் கொல்லைப்புறம் உட்கார்ந்திருந்தபோது மனசில் இருந்ததைச் சொன்னோம். அங்கே 'நாம்' என்று சொல்ல முடியல. 'வாசல்ல வந்து உட்காரலாம்னு சொன்னது நான்தான்மா' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவங்க கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னாங்க: 'தெரியும்க்கா. அன்னிக்கு எங்க மாமியார் பன்னெண்டு பேருக்கும் காபி போட்டு எடுத்துட்டு வந்தாங்க. ஒருத்தர்கூடக் குடிக்கல. பணம் கட்டியாச்சு, அது போச்சு. அந்தக் காபியைத்தான் அவங்க சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.'

சகோதரிகளே, அந்தக் காபி நமக்கு ஞாபகமே இல்லை.

தவணை ஏன் நின்றது என்பதையும் சொன்னாங்க. அதை இங்கே சொல்லப் போவதில்லை, அது அவங்க வீட்டு விஷயம். கேட்டால் நீங்க யாரும் கோபப்பட மாட்டீங்க என்பது மட்டும் உறுதி. 'அப்பவே சொல்லியிருக்கலாமே' என்றோம். 'ஒருத்தரா வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா. பன்னெண்டு பேர் முன்னால எப்படிச் சொல்றது?' என்றாங்க.

ராத்திரி அங்கேயே தங்கினோம். காலையில் காபி போட்டுக் கொடுத்தாங்க. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வந்த பிறகு

வரும்போது மனசில் பெரிய யோசனை எதுவும் ஓடல. போகும்போது கண்ணில் படாததெல்லாம் பட்டது. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பச்சையாக நின்றது. பூம்புகார்ப் பக்கம் காவிரி வாய்க்கால் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. மதியத்துக்கு மேலே வீட்டுக்கு வந்ததும் 'என்ன ஆச்சு, என்ன சொன்னாங்க?' என்று எல்லாரும் கேட்டாங்க. 'அப்புறம் சொல்றோம்' என்றோம். அது நல்லதாகப் போனது. வந்த அன்றைக்கே எல்லாத்தையும் பேசியிருந்தால் கதையாகச் சொல்லி முடித்திருப்போம், வேலையாக ஆகியிருக்காது.

ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு, பழைய சேமிப்பு நோட்டின் பின்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். கணக்கெடுப்பில் நமக்கு மிச்சமான அதே பத்து நிமிடம்தான்! ஒன்பது நாள் எழுதிய பிறகு குழுக் கூட்டத்தில் வைத்தோம். 150 ரூபாய் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னோம்.

எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டாங்க என்று நினைக்காதீங்க. 'அப்ப ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிட்டுக் கட்டாம விட்டா, வங்கிக்கு யார் பதில் சொல்றது?' என்று ஒரு சகோதரி கேட்டாங்க. அதுவும் நியாயம்தான். ரெண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் எழுதிய தீர்மானம் இது:

1. ரெண்டு தவணை தொடர்ந்து தவறினால், அந்த உறுப்பினருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் முதலில் தனியாகப் போய்க் கேட்க வேண்டும்.

2. அவர் சொல்கிற காரணத்தை நோட்டில் எழுதக் கூடாது. 'காரணம் அறியப்பட்டது' என்று மட்டும் எழுதினால் போதும்.

3. கடன் தள்ளுபடி கிடையாது. தவணைத் தொகையைக் குறைத்து, மாதத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

4. எந்த உறுப்பினர் வீட்டு வாசலிலும் கூட்டமாகப் போய் உட்காரக் கூடாது.

5. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுக்கிற தண்ணியோ காபியோ குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

ஐந்தாவதைப் படிக்கும்போது சிரித்தாங்க. பிறகு சிரிப்பு நின்னு போச்சு. அன்றைக்கு வாசலில் உட்கார்ந்தவங்கதானே எல்லாரும்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் மூணு தடவை தவணை தவறியிருக்கு. மூணுமே வசூலாகிவிட்டது. ஒன்று எட்டு மாதம் தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது. யாரும் குழுவை விட்டுப் போகல. காரைக்கால் சகோதரி குழுவுக்குத் திரும்பி வரல. நாங்களும் கேட்கல. பொங்கலுக்குப் போன் பண்ணுவாங்க.

இருபத்தோரு வருஷம் காத்திருந்த சைக்கிள்

ஒரு பயிற்சியில் இந்தப் பயணத்தைச் சொன்னபோது, பயிற்சி கொடுத்த அம்மா அயர்லாந்து நாட்டுப் பெண் ஒருத்தரைப் பற்றிச் சொன்னாங்க. டெர்வ்லா மர்ஃபி என்று பேர். 1931-ல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப்பட புத்தகமும் கிடைத்தது. ஒருநாள் மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது, இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று தோன்றியதாம். ஆனால் அம்மாவுக்குக் கடுமையான மூட்டுவாத நோய். பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. 1961-ல் அப்பா போனார், 1962-ல் அம்மா போனார். 1963 ஜனவரியில், கடும் பனியில், முப்பத்தொரு வயசில் தனியாகச் சைக்கிளில் கிளம்பினார். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஜூலை மாதம் டில்லி வந்து சேர்ந்தார். வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதினார். வந்ததும் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடவில்லை. தர்மசாலாவில் திபெத் அகதிக் குழந்தைகள் முகாமில் வேலை செய்தார். அந்த நாட்குறிப்புதான் 1965-ல் புத்தகமாக வந்தது. 2022-ல் தொண்ணூறு வயசில் காலமானார்.

பத்து வயசில் நினைத்தது, முப்பத்தொரு வயசில் நடந்தது. இதைக் கேட்டதும் ஒன்று தோன்றியது. கண்ணகி தனியாக நடந்தது புருஷன் செத்த பிறகு. அம்மையார் தனியாகப் போனது புருஷன் விட்டுப் போன பிறகு. இந்த அயர்லாந்து அம்மா கிளம்பினது பெற்றவங்க ரெண்டு பேரும் போன பிறகு. எல்லாத்தையும் இழந்த பிறகுதானா ஒரு பெண்ணுக்குத் தனி வழி கிடைக்கணும்? எல்லாரும் நல்லா இருக்கும்போதே, சொல்லிவிட்டுப் போய், ரெண்டு நாளில் திரும்பி வரக் கூடாதா?

நீங்களும் போய் வரலாம்

வருஷத்துக்கு ஒரு தடவை வேன் வைத்துக் குழுச் சுற்றுலா போகிறோம். பாட்டு, கும்மி, சாப்பாடு எல்லாம் உண்டு. அது வேண்டியதுதான். அதோடு, வருஷத்தில் ஒரு நாளாவது ஒவ்வொரு சகோதரியும் தனியாக எங்கேயாவது போய் வரணும் என்று கேட்டுக்கொள்கிறோம். வண்டி ஓட்டத் தெரியாட்டி பஸ் இருக்கு. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதுவும் முடியாட்டி, விடிகாலையில் நம்ம புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் தனியாக நடந்தாலும் போதும். ஜாக்கிரதையாகப் போக சில யோசனைகள்:

• எந்த வழியில் போகிறோம், எப்போது வருவோம் என்று ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டுப் போங்க.

• விடிந்ததும் கிளம்புங்க, இருட்டுவதற்குள் போய்ச் சேருங்க.

• வண்டியென்றால் ஹெல்மெட், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் கட்டாயம். டயரில் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

• பணத்தை ரெண்டு இடத்தில் பிரித்து வையுங்க. போனில் சார்ஜ் இருக்கட்டும், ஆனால் பையிலேயே இருக்கட்டும்.

• ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவிக்கு 181. ரெண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்க.

• திரும்பி வந்ததும் எல்லாத்தையும் அன்றைக்கே பேசிவிடாதீங்க. நாலு நாள் மனசில் ஊறட்டும். எழுதத் தெரிந்தவங்க எழுதுங்க. எழுத வராதவங்க பத்து நிமிடம் சும்மா உட்காருங்க.

தனியாகப் போனால் குழுவை விட்டு விலகிப் போகிறோம் என்று அர்த்தமில்லை. தனியாக யோசித்ததைக் கொண்டுவந்து வைத்ததால்தான் எங்கள் குழுவில் அந்தத் தீர்மானம் வந்தது. அடுத்த கூட்டத்தில் 'ஒருமனதாக' என்று எழுதி முடித்ததும், அதை முதலில் சொன்னது யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்க. எங்கள் ஐந்து அம்சத் தீர்மானத்தின் நகலைக் கொண்டு வந்திருக்கிறோம். வேண்டிய குழுக்கள் போகும்போது வாங்கிக்கொள்ளுங்க, படித்துப் பேசி முடிவு செய்யுங்க.